பின்சில்லில் டிஸ்க் பிறேக்: மொறிஸ் மைனரை முன்வைத்து ஒரு நோக்கு

மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ 40 முதலிய பழைய கார்களை இன்றும் பேணி ஓட்டுவோரிடையே எழும் கேள்விகளுள் ஒன்று, அவற்றின் பின்சில்லுகளில் உள்ள ட்றம் பிறேக்கை நீக்கி டிஸ்க் பிறேக் பூட்டலாமா என்பதாகும். பூட்டலாம் என்பதே நேரடியான விடை. கடைசல் வேலையும் ஒட்டுவேலையும் தெரிந்த கராச்சொன்றில் அது இயலக்கூடியதே. ஆனால் பூட்டிய பின்னர் அக்கார் முன்னரிலும் குறுகிய தூரத்தில் நிற்குமா, மழை நேரத்து வளைவொன்றில் இறங்கும்போது தடம் மாறாது செல்லுமா, மேட்டில் நிறுத்திவிட்டுப் போனால் நிறுத்திய இடத்திலேயே இருக்குமா என்பன வேறு கேள்விகள். இவற்றுக்குப் பின்சில்லை மட்டும் பார்த்து விடை கூற முடியாது. முன்சில்லு, பிறேக் ஒயில் செல்லும் குழாய், ஆசனத்தில் இருப்போரின் தொகை, வீதியின் சரிவு என்பன யாவும் கணக்கிற் சேர்கின்றன. மொறிஸ் மைனரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவற்றை ஆராய முற்படுகின்றோம்.

இக்காரைத் தெரிவு செய்தமைக்குக் காரணமுண்டு. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948இல் இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. பத்து இலட்சத்துக்கு மேல் உற்பத்தி செய்யப்பட்ட முதலாவது பிரித்தானியக் கார் இதுவே. 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் இதன் உற்பத்தி முடிவுற்றது. இலங்கையில் இதன் வாழ்வு முடியவில்லை. 1960களின் தொடக்கத்திலிருந்து அந்நியச் செலாவணி நெருக்கடியாற் கார் இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 வரை இருந்ததைத் திருத்தி ஓட்டுவதே வழியாயிற்று. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோலின்றி மண்ணெண்ணெயில் ஓடிய யாழ்ப்பாணத்து ஏ 40 கார்களை அறியாதார் இலர். அதே பத்தாண்டில் இலங்கையில் தயாரான மொறிஸ் மைனர் உதிரிப்பாகங்கள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின என்பதும் இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. 2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரையில், 2025இன் தொடக்கத்திலேயே மீள அனுமதிக்கப்பட்டது. பழைய காரின் பாகமொன்றை மாற்றுவது இந்நாட்டில் வெறும் பொழுதுபோக்காக ஒருபோதும் இருந்ததில்லை. வாடகைக்கும் திருமண ஊர்வலத்துக்கும் ஓடும் கார்களில், மாற்றத்தின் விளைவைச் சுமப்பவர் பின்னாசனத்தில் இருக்கும் மூவரும் எதிரே வரும் சைக்கிள்காரருமே.

ட்றம்மும் டிஸ்க்கும்

மொறிஸ் மைனரில் நான்கு சில்லுகளிலும் ட்றம் பிறேக்கே உண்டு. தொடக்கத்தில் யாவும் 7 அங்குல விட்டமுடையன. 1962இல் 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சின் வந்தபோது முன்சில்லு ட்றம் மட்டும் 8 அங்குலமாக்கப்பட்டது. பின்சில்லு ட்றம் 7 அங்குலமாகவே இறுதிவரை இருந்தது. எஞ்சின் வலுக்கூடியபோது பொறியியலாளர் முன்சில்லை மட்டுமே பெருப்பித்தனர் என்ற இச்சிறு தகவல் பின்னர் நமக்குப் பயன்படும்.

ட்றம் என்பது சில்லுடன் சுழலும் வார்ப்பிரும்புக் கிண்ணம். அதன் உள்ளே பிறைவடிவான இரு பிறேக் சூக்கள் உள்ளன. காலால் மிதிக்கும்போது பிறேக் ஒயிலின் அமுக்கம் சிறு முசலங்களைத் தள்ள, சூக்கள் விரிந்து ட்றம்மின் உட்சுவரை உராய்கின்றன. இவ்விரு சூக்களுள் ஒன்று, ட்றம் சுழலும் திசையிலேயே இழுபட்டு மேலும் இறுக்கமாக அழுந்தும். ஒரு கதவின் கீழே ஆப்பு வைத்தால், கதவைத் தள்ளத் தள்ள ஆப்பு இறுகுவதை இதற்கு ஒப்பிடலாம். இச்சூவை முன்னோடும் சூ என்கிறோம். மற்றையது பின்னோடும் சூ. அதனைச் சுழற்சி சற்றுத் தள்ளிவிட முயலும். மைனரின் முன்சில்லில் இரு சூக்களும் முன்னோடுவன. பின்சில்லில் ஒன்று முன்னோட, மற்றையது பின்னோடும். கார் பின்னோக்கி உருள முனையும்போது இவற்றின் பங்கு மாறிவிடுவதால், கைப்பிறேக் இரு திசைகளிலும் ஒரேயளவாகப் பிடிக்கின்றது.

டிஸ்க் பிறேக்கில் இத்தகைய ஆப்புச் செயல் இல்லை. சில்லுடன் சுழலும் தட்டையான வட்டத்தகடு ஒன்றை, கலிப்பர் எனும் கவ்வியினுள் இருக்கும் இரு உராய்வுக் கட்டைகள் இருபுறமும் அழுத்துகின்றன. எவ்வளவு அழுத்துகின்றோமோ அவ்வளவே தடுப்பு. இது குறைபாடு போற் தோன்றினும், டிஸ்க்கின் பெருஞ் சிறப்பு இதுவே. உராய்வுக் குணகம் வெப்பத்தாற் பத்து வீதம் குறைந்தால் டிஸ்க்கின் தடுப்பும் பத்து வீதமே குறையும். முன்னோடும் சூவிலோ, தன்னைத் தானே இறுக்கும் செயலும் சேர்ந்து குறைவதால், இழப்பு அதனிலும் அதிகம். மலையிறக்கத்தில் பிறேக் 'விட்டுப்போகின்றது' எனச் சாரதிகள் கூறுவதன் அடிப்படை இது. ட்றம் வெப்பமுறும்போது விட்டத்தில் விரிந்து சூக்களைவிட்டு விலகுவதும் இதனோடு சேரும். மிதிபலகை தாழ்ந்துகொண்டே போகும். வெள்ளத்துள் இறங்கிய ட்றம்மினுள் நீர் தங்கும்; டிஸ்க்கோ நீரை வீசியெறிந்துவிடும். இடப்புறமும் வலப்புறமும் சிறிது வேறுபட்டாலும் ட்றம் அவ்வேறுபாட்டைப் பெருப்பிக்கும். டிஸ்க் அவ்வாறு செய்யாது.

டிஸ்க் புதியதொரு கண்டுபிடிப்பன்று. இங்கிலாந்தில் ஃபிரெட்றிக் லான்செஸ்ரர் 1902இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். 1953இல் லு மான் 24 மணிநேர ஓட்டத்தில் டன்லப் டிஸ்க் பிறேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்ற பின்னரே அதன் மதிப்பு உலகறிந்தது. 1955இல் சித்ரொயென் டி.எஸ். காரிலும் 1956இல் றையம்ப் ரி.ஆர். 3 காரிலும் டிஸ்க் இடம்பெற்றது. இரண்டிலும் முன்சில்லில் மாத்திரமே. 1962இல் வந்த எம்.ஜி.பி. விளையாட்டுக் கார் 1980இல் நிறுத்தப்படும் வரை பின்சில்லில் ட்றம்முடனேயே ஓடியது. இன்று எமது வீதிகளிற் காணும் சுசுகி அல்ற்றோவின் பின்சில்லிலும் ட்றம்மே. 2020இல் விற்பனைக்கு வந்த வொக்ஸ்வாகனின் ஐ.டி. 3 மின்காரில், புதுமையின் உச்சமாக விளம்பரப்படுத்தப்பட்ட அக்காரில், பின்சில்லுக்கு ட்றம்மையே தெரிந்தெடுத்தார்கள். ட்றம் பழைமை, டிஸ்க் புதுமை என்ற எளிய பிரிப்பு இவ்விடத்தில் உடைகின்றது. முன்னுக்கு ஒன்றும் பின்னுக்கு ஒன்றும் ஏன் என்பதே ஆராயவேண்டியது.

பாரம் முன்னோக்கிச் செல்லுதல்

ஓடும் பேருந்து சடுதியாக நிற்கும்போது நிற்பவர்கள் முன்னோக்கிச் சாய்வர். காரும் அவ்வாறே சாய்கின்றது. தடுப்பு விசை தரைமட்டத்தில், ரயர் வீதியைத் தொடும் இடத்தில் தாக்குகின்றது. காரின் புவியீர்ப்பு மையமோ தரைக்கு மேலே உள்ளது. இவ்வுயர வேறுபாட்டால் முன்சில்லுகளில் பாரம் கூடிப் பின்சில்லுகளில் குறைகின்றது.

எண்களில் நோக்குவோம். சாரதியும் ஒருவரும் அமர்ந்த மைனரின் மொத்தத் திணிவை 900 கி.கி. எனவும், நிற்கும்போது முன்சில்லுகளில் 480 கி.கி., பின்சில்லுகளில் 420 கி.கி. எனவும், புவியீர்ப்பு மையத்தின் உயரத்தை 55 ச.மீ. எனவும் கொள்வோம். இவை கணக்கிற்காக நாம் எடுத்த பெறுமானங்கள். அச்சுகளிடைத் தூரமான 218 ச.மீ. மட்டும் காரின் உண்மை அளவு. உலர்ந்த தார் வீதியில், புவியீர்ப்பு ஆர்முடுகலின் 0.7 மடங்கான அமர்முடுகலுடன் கார் நிறுத்தப்படுமாயின், 900 ஐ 0.7 ஆலும் 55 ஆலும் பெருக்கி 218 ஆற் பிரிக்க வருவது ஏறத்தாழ 159. அதாவது 159 கி.கி. பாரம் பின்னிருந்து முன்னே செல்கின்றது. இப்போது முன்சில்லுகளில் 639. பின்சில்லுகளில் 261 மட்டுமே. மொத்தத் தடுப்பில் பின்சில்லுகள் ஏற்கக்கூடிய பங்கு 29 வீதம். அதற்கு மேல் அவற்றைத் தடுக்க முயன்றால் ரயர் சறுக்கும்.

ஒரு காரை எவ்வளவு விரைவில் நிறுத்தலாம் என்பதன் இறுதி எல்லையை விதிப்பது ரயருக்கும் வீதிக்கும் இடையிலான உராய்வு. அந்த எல்லைவரை சில்லைத் தடுக்கவல்ல பிறேக் எதுவாயினும், குளிர்ந்த நிலையில் அது போதுமானதே. நல்ல நிலையிலுள்ள 7 அங்குலப் பின் ட்றம், 29 வீதம் என்ற இச்சிறு பங்கை எளிதில் நிறைவேற்றும். பலமாக மிதித்தால் சில்லைப் பூட்டவும் செய்யும். எனவே டிஸ்க் மாற்றத்தால் ஒருமுறை நிறுத்தும் தூரம் குறையும் என எதிர்பார்ப்பதற்கு இடமில்லை.

தூரம் குறையாவிட்டாலும் கேடில்லையே எனலாம். கேடுண்டு. பூட்டப்பட்ட சில்லு சுழலாது. சுழலாத ரயர் பக்கவாட்டிற் பிடிப்பதில்லை. முன்சில்லுகள் முதலிற் பூட்டுண்டால் ஸ்ரியரிங்கைத் திருப்பியும் பயனில்லை. கார் நேரே சறுக்கும். மிதியைத் தளர்த்தினால் கட்டுப்பாடு மீளும். பின்சில்லுகள் முதலிற் பூட்டுண்டாலோ, காரின் பின்பகுதி முன்பகுதியை முந்த முனையும். கார் தன்னைச் சுற்றித் திரும்பும். சாரதி உணர்வதற்கு முன்பே அது நிகழ்ந்து முடிந்துவிடும். இதனாலேயே ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழுவினது பிறேக் பற்றிய ஒழுங்குவிதிகள், பொதுவாக முன்சில்லுகளே முதலிற் பூட்டுறும்படி கார்கள் அமையவேண்டுமென வற்புறுத்துகின்றன.

மழையில் நிலைமை மேலும் நுணுக்கமானது. அமர்முடுகல் 0.3 மடங்கே இயலுமாயின், மேற்படி கணக்கின்படி 68 கி.கி. மட்டுமே முன்னே செல்லும். பின்சில்லுகளின் நியாயமான பங்கு 39 வீதமாக உயரும். இதனைக் கொண்டு மழையிற் பின் பிறேக் கூடுதலாயிருப்பது நன்று என முடிவுகட்டலாகாது. மைனர் பின்சில்லுகளால் இயங்கும் கார். இரண்டாம் கியரில் இறங்கும்போது எஞ்சினின் இழுவையும் பின் ரயர்களிலேயே விழுகின்றது. அவற்றின் பிடிப்பில் ஒரு பகுதியை எஞ்சின் முன்னரே எடுத்துக்கொண்டுவிட்டது. மிகுதியில், மிதிபலகைக்கும் வளைவில் திரும்புவதற்கும் பங்கு கொடுக்கவேண்டும். பின்னாசனத்தில் மூவர் இருந்தால் ஓரளவு தாங்கும். சாரதி தனித்துத் திரும்பி வரும்போது தாங்காது. பிறேக்கின் அளவைத் தீர்மானிப்பவர் இந்தத் தனித்த சாரதியை நினைத்தே தீர்மானித்தல் வேண்டும்.

அமுக்கக் கணக்கு

பஞ்சிகாவத்தையில் பாவித்த யப்பானிய உதிரிப்பாகங்களிடையே கலிப்பரொன்றைத் தெரிந்தெடுப்பவர் பெரும்பாலும் பார்ப்பது, அது சில்லினுள் அடங்குமா என்பதையே. முதலிற் பார்க்கவேண்டியது முசலத்தின் விட்டம்.

7 அங்குல ட்றம்மின் ஆரை 89 மி.மீ. அதில் முக்கால் அங்குல முசலம் உள்ளதெனக் கொண்டால் அதன் பரப்பு 285 சதுர மி.மீ. முன்னோடும், பின்னோடும் சூக்கள் சேர்ந்து தரும் உராய்வுப் பெருக்கம் 2.2 எனலாம். மூன்றையும் பெருக்க வருவது ஏறத்தாழ 55,800. ஒரே ஒயில் அமுக்கத்தில் இந்த ட்றம் தரும் முறுக்கத்தின் அளவுகோல் இது. டிஸ்க்கில், உராய்வுக் குணகம் 0.35 எனின், இருபுறக் கட்டைகளுக்குமாகப் பெருக்கம் 0.7 மட்டுமே. விசை தாக்கும் ஆரை 100 மி.மீ. என்போம். 34 மி.மீ. விட்டமுள்ள ஒற்றை முசலக் கலிப்பர், 908 ஐ 0.7 ஆலும் 100 ஆலும் பெருக்க, 63,500 அளவைத் தரும். ட்றம்மிலும் 14 வீதம் கூட. 38 மி.மீ. முசலமாயின் ட்றம்மிலும் 40 வீதத்துக்கு மேல். மலிவாகக் கிடைத்ததென்று 48 மி.மீ. முசலமுள்ள முன்சில்லுக் கலிப்பரைப் பின்னே பூட்டினால் இரு மடங்கையும் தாண்டிவிடும். கண்ணுக்கு இம்மூன்றும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். முதலாவதைப் பூட்டிய கார் பெரும்பாலும் முன்போலவே நடந்துகொள்ளும். மூன்றாவதைப் பூட்டிய கார் முதல் மழையிலேயே திரும்பும்.

பின்சில்லுக்குச் செல்லும் குழாயில் அமுக்கத்தைக் குறைக்கும் வால்வைப் பொருத்தி இதனைச் சீர்செய்யலாம். பலர் செய்வதும் அதுவே. பொருத்தமான கலிப்பரைத் தெரிந்தபின் நுண்ணிய திருத்தத்துக்கு அவ்வால்வு உகந்தது. ஒவ்வாத கலிப்பரை ஒப்பேற்றுவதற்கு அதனைப் பயன்படுத்துதல், பெரிய சட்டையை ஊசி குத்திப் போடுவது போன்றது. முசலம் பெரிதாயின் அதனை நகர்த்த வேண்டிய ஒயிலின் கனவளவும் கூடும். மாஸ்ரர் சிலிண்டர் அதனை வழங்காவிடின் மிதிபலகை தரையை நோக்கிப் போகும்.

மைனருக்கே உரிய ஒரு சிக்கலையும் இங்கு கூறவேண்டும். அதன் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடித் தகட்டின் கீழே, சட்டத்தினுள் அமைந்தது. ட்றம் பிறேக்குகளுக்காக, மிதியை விட்ட பின்பும் குழாயிற் சிறிதளவு அமுக்கம் எஞ்சியிருக்கும்படி ஒரு மீள்தடை வால்வு வைக்கப்படுவதுண்டு. சூக்களை இழுத்துவைக்கும் வலிய சுருள்வில்கள் இவ்வமுக்கத்தை மேவிவிடும். டிஸ்க்கில் அத்தகைய வில்கள் இல்லை. எஞ்சிய அமுக்கம் உராய்வுக் கட்டைகளை ஓயாது டிஸ்க்கிற் தேய்த்துக்கொண்டிருக்கும். கட்டை கருகும், ஒயில் கொதிக்கும், பெற்றோலும் வீணாகும். அவ்வால்வை முற்றாக நீக்கினாலோ வேறு தொல்லை: சிலிண்டர் கலிப்பரிலும் தாழ்வாக இருப்பதால் ஒயில் மெல்லக் கீழே திரும்பிச் செல்ல, அடுத்த முறை மிதிக்கும்போது பலகை வெறுமையாக இறங்கும். டிஸ்க்குக்கென ஆக்கப்பட்ட, சதுர அங்குலத்துக்கு 2 இறாத்தல் அளவு மட்டும் எஞ்சவிடும் வால்வே இதற்குத் தீர்வு. பின்சில்லில் செய்த மாற்றம் காரின் நடுவிலுள்ள பாகமொன்றை மாற்றும்படி கேட்கின்றது.

கைப்பிறேக்

மைனரின் பிறேக் ஒயிற் தொகுதி ஒற்றைச் சுற்றுடையது. நான்கு சில்லுகளுக்கும் ஒரே மாஸ்ரர் சிலிண்டர். எங்காவது ஒரு றப்பர்க் குழாய் வெடித்தால் கால் பிறேக் முழுவதும் போய்விடும். அவ்வேளை எஞ்சுவது கம்பியால் இழுக்கப்படும் கைப்பிறேக் ஒன்றே. எனவே கைப்பிறேக்கை நிறுத்தி வைப்பதற்கான வசதியாக மட்டும் கருதலாகாது. அக்காரின் இரண்டாவது உயிர்க்காப்பு அது.

ட்றம்மில் கைப்பிறேக் இயல்பாகவே வலிது. முன்னோடும் சூவின் ஆப்புச் செயல் கையின் சிறு விசையைப் பெருக்கித் தரும். டிஸ்க்கில் அது இல்லாமையால், கலிப்பரினுள் திருகுபொறியோ டிஸ்க்கின் நடுவே தனியான சிறு ட்றம்மோ வேண்டும். இவற்றின் நெம்புகளுக்கு ஏற்றபடி கம்பியின் நீளமும் இழுவையும் மாறவேண்டும். கைப்பிறேக் பொறியற்ற கலிப்பரைப் பின்னே பூட்டி, கைப்பிறேக்கைக் கைவிட்டு ஓட்டுவது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று.

வெப்பத்தோடு தொடர்புடைய நுட்பமொன்றும் உண்டு. மலையிறங்கி வந்து சூடான பிறேக்குடன் சரிவொன்றில் காரை நிறுத்துகின்றோம். குளிரும்போது ட்றம் சுருங்கிச் சூக்களை மேலும் இறுகப் பற்றுகின்றது. டிஸ்க்கும் கட்டைகளும் குளிரும்போது தடிப்பிற் குறைகின்றன, பிடி தளர்கின்றது. நிறுத்தி அரைமணி கழித்து, சாரதி தேநீர்க் கடையில் இருக்கும்போது, கார் தானே உருளத் தொடங்கலாம். தேவைக்கு மேல் ஒரு பல் கூட இழுத்துவைப்பதும், கியரில் விடுவதும், சில்லுக்குக் கல் வைப்பதும் பழைய சாரதிகளின் பழக்கங்கள். டிஸ்க் பூட்டியவர் இவற்றைக் கைவிடலாகாது.

மலையும் சமவெளியும்

அப்படியாயின் டிஸ்க்கினாற் பயனே இல்லையா? உண்டு, அது எங்கு ஓடும் கார் என்பதைப் பொறுத்தது. 900 கி.கி. காரை மணிக்கு 80 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தும்போது ஏறத்தாழ 222 கிலோயூல் சக்தி பிறேக்கில் வெப்பமாகின்றது. அதே கார் 100 மீற்றர் உயரம் இறங்கினால் விடுபடும் சக்தி 883 கிலோயூல். நான்கு முறை நிறுத்தியதற்குச் சமம். நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு வருபவர் 1,300 மீற்றருக்கு மேல் இறங்குகின்றார். அது 80 கி.மீ. வேகத்திலிருந்து ஐம்பது தடவைக்கு மேல் நிறுத்துவதற்கு ஒப்பானது. எஞ்சினும் காற்றும் அதிற் பெரும்பகுதியைத் தாங்குமாயினும், கியரைக் குறைக்காது பிறேக்கை மட்டும் நம்பி இறம்பொடை வளைவுகளில் இறங்குபவரின் ட்றம்கள் என்ன பாடுபடும் என்பதை எண்ணிப்பார்க்கலாம். இத்தகைய வீதிகளில் தொடர்ந்து ஓடும் காருக்கு டிஸ்க் உண்மையான நன்மை தரும். ஆனால் வெப்பத்தின் பெரும்பங்கு முன்சில்லுகளிலேயே உண்டாவதால் முதலில் மாற்றவேண்டியதும் முன்சில்லையே. 1962இல் மொறிஸ் பொறியியலாளர் செய்ததும் அதுதான்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ இறக்கம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அங்கு பிறேக்கின் பகைவர் மணலும் உப்புக்காற்றும். மூடிய ட்றம் இவற்றை ஓரளவு தடுக்கின்றது. திறந்த டிஸ்க், அதிலும் சிறு வேலையே செய்யும் பின் டிஸ்க், வாரக்கணக்கில் நிறுத்திவைத்தால் துருப்பிடிக்கும். கலிப்பரின் வழுக்குத் தண்டுகள் இறுகும். ஞாயிறு தோறும் மட்டும் வெளியே எடுக்கும் காருக்கு இது சிறிய குறையன்று.

மலையிலும் சமவெளியிலும் பொதுவான ஆபத்தொன்று கவனிப்பாரற்றுக் கிடக்கின்றது. கிளைக்கோல் அடிப்படையிலான பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நான்காம் தர ஒயிலின் கொதிநிலை புதிதாயிருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ். ஈரமுறிஞ்சிய நிலைக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சம் 155 பாகையே. எமது ஈரப்பதனில் பல ஆண்டு மாற்றாத ஒயிலுடன் மலையிறங்குபவருக்கு டிஸ்க்கும் உதவாது. இரண்டாண்டுக்கு ஒருமுறை ஒயிலை மாற்றும் செலவு, கலிப்பர் ஒன்றின் விலையோடு ஒப்பிடத்தக்கதன்று.

கராச்சில்

பின் பிறேக் பிடிக்கவில்லை என்று கராச்சுக்கு வரும் மைனரில், பெரும்பாலும் குற்றவாளி ட்றம் அன்று. பின்னச்சின் சீல் பழுதாகி, கியர் ஒயில் கசிந்து லைனரை நனைத்திருக்கும். டிஸ்க் பூட்டினாலும் அவ்வொயில் நிற்கப்போவதில்லை. புதிய டிஸ்க்கையும் நனைக்கும். அல்லது சூக்கள் பலகாலம் சரிசெய்யப்படாதிருக்கும். மைனரின் பிறேக் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளாது. ட்றம்மிலுள்ள துளையினூடாகத் திருப்புளி விட்டு ஒவ்வொரு சில்லாக இறுக்கவேண்டும். அல்லது பலமுறை கடைந்து மெலிந்த ட்றம்முக்குப் பழைய ஆரையிலுள்ள லைனரைப் பூட்டியிருப்பர். நடுவில் மட்டும் தொடும். இம்மூன்றையும் திருத்திய பின்னரும் குறையிருந்தால் மட்டுமே மாற்றத்தைப் பற்றிப் பேசுதல் தகும். கையிற் பணமிருந்தால் முதலில் இரட்டைச் சுற்று மாஸ்ரர் சிலிண்டரையும், அடுத்து முன்சில்லு டிஸ்க்கையும் பூட்டுவதே எமது பரிந்துரை. பின்சில்லு டிஸ்க் அவற்றுக்குப் பின்னரே வரும்: முன்னே டிஸ்க் இருந்து, எஞ்சின் வலுப்பெருக்கப்பட்டிருக்கும்போது, அல்லது கடையத்தக்க ட்றம் எங்கும் கிடைக்காதபோது.

அவ்வாறு பூட்டுவோர், கலிப்பரைத் தாங்கும் கைத்தகட்டை அலட்சியப்படுத்தக்கூடாது. மேற்கூறிய கணக்கின்படி, உலர் வீதியில் ஒவ்வொரு பின் ரயரிலும் ஏறத்தாழ 900 நியூற்றன் தடுப்பு விசை தாக்கும். ரயரின் ஆரை 29 ச.மீ., டிஸ்க்கின் செயற்படும் ஆரை 10 ச.மீ. எனின், கைத்தகடு தாங்கவேண்டியது 2,600 நியூற்றன், 260 கி.கி.க்கு மேற்பட்ட பாரத்தை அதில் தொங்கவிட்டதற்கு ஒப்பு. அதுவும் ஒருமுறையன்று, பல்லாயிரம் முறை. கிடைத்த இரும்புத்துண்டை வெட்டி ஒட்டிய தகடு, ஒட்டின் ஓரத்திலேயே வெடிக்கும். தடித்த உருக்குத் தகட்டிலிருந்து ஒரே துண்டாக வெட்டி, பழைய பின்தகடு இருந்த அச்சுமுனையிலேயே போல்ற்றுகளால் இறுக்குவதே முறை. டிஸ்க்கின் பூட்டுமுகம் ட்றம்மினதிலும் தடிப்பாயின் சில்லு நட்டுகள் பிடிக்கும் புரியின் நீளம் குறையும் என்பதும் கவனிக்கவேண்டியது.

ட்றம்மைக் கழற்றும் தொழிலாளியைப் பற்றி இக்கட்டுரைகளில் எவரும் எழுதுவதில்லை. பழைய பிறேக் லைனர்களில் கல்நார் கலந்திருந்தது. பல்லாண்டு தேய்ந்த அதன் தூள் ட்றம்மினுள்ளேயே தங்கியிருக்கும். அதனைக் காற்றுக்குழாயால் ஊதிச் சுத்தம் செய்வது கராச்சுகளில் வழக்கமாக இருந்துவந்தது. கல்நாரின் எல்லா வகைகளும் மனிதரிற் புற்றுநோயை உண்டாக்குவன எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியுள்ளது. நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் செல்லலாம். பதினாறு வயதில் ட்றம் ஊதிய கையாளுக்கு ஐம்பது வயதில் மூச்சு முட்டும்போது, அதற்கும் அந்தக் காருக்கும் உள்ள தொடர்பை எவரும் பதிவதில்லை. தூளை ஊதாது, நீரால் நனைத்து ஈரத்துணியாற் துடைத்து, துணியைப் பையிற் கட்டி அகற்றவேண்டும். ட்றம்மை வைத்திருப்பதாயினும் மாற்றுவதாயினும் இது பொருந்தும்.

பூட்டி முடிந்ததும் முதற் சோதனை வெறுமையான, நனைந்த மைதானத்தில் நடைபெறவேண்டும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில், சாரதி மட்டும் இருக்க, படிப்படியாக மிதியை இறுக்க, வெளியே நிற்கும் ஒருவர் எந்தச் சில்லு முதலில் நிற்கின்றது எனப் பார்க்கவேண்டும். பின்சில்லு முதலில் நின்றால் காரை வீதிக்கு எடுக்காது, வால்வையோ கலிப்பரையோ மாற்றி மீண்டும் பார்க்கவேண்டும். அடுத்து, கைப்பிறேக்கை மட்டும் இழுத்து, சூடான நிலையில் ஒரு சரிவில் நிறுத்தி, சில்லுகளுக்கு ஓரங்குலம் விலகிக் கல் வைத்துவிட்டு ஒரு மணிநேரம் காத்திருக்கவேண்டும். கல்லைச் சில்லு தொட்டிருந்தால் கம்பியை மீண்டும் இறுக்கவேண்டும்.